ஒரே விலை

சீதா சில்க்ஸ் வாசலில் ‘ஒரே விலை’ என்று ஒரு போர்டு தொங்குகிறது. பேரம் அதற்கு நேர்கீழே நின்றுதான் நடக்கும். போர்டைப் படித்துவிட்டு வாய் திறக்காமல் பணத்தை நீட்டுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள். மற்றவர்களுக்கு அது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. “ஒரே விலையாமே, அது எந்த விலைன்னு சொல்லுங்க” என்று ஆரம்பிப்பார்கள்.

முதலில் சொல்வது விலையே இல்லை என்பது பொன்ராஜின் கொள்கை. மீசை முளைக்கிற வயதில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியவர். அன்றைக்கு மூட்டை தூக்க வந்தவனிடம் தொடங்கிய பேரத்தை இன்றுவரை நிறுத்தவில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில், “ரெண்டாப் பிடுங்கினா எவ்வளவு குறைப்பிய?” என்று கேட்டு, ஆடாத பல் ஒன்றையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார் என்று தியாகராய நகரில் ஒரு கதை உண்டு. கதை பொய். ஆனால் கேட்டவர்கள் யாரும் ‘அவரா, இருக்காதே’ என்று சொன்னதில்லை.

கடைக்குப் பெண்டாட்டி பெயரை வைத்தது பிரியத்தில் அல்ல. கடன் அவள் பெயரில் சுலபமாகக் கிடைத்தது. சீதாவுக்கும் அது தெரியும். “போர்டுல நான், பேங்க்லயும் நான், முதலாளி மட்டும் அவிய” என்று அவர் காதுபடவே சொல்லுவாள். காலையில் ஷட்டர் தூக்கியதும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தால், ஷட்டர் இறங்கும்போதுதான் எழுந்திருப்பாள். மதியச் சாப்பாடும் அங்கேயேதான். டிபன் கேரியரில் தயிர்ச் சாதம், ஒரு கண்ணில் பில், ஒரு கண்ணில் கூட்டத்தோடு கூட்டமாகச் சேலையை மடியில் சொருகுகிறவர்கள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்று வருஷங்கள் கழித்து, ஆடித் தள்ளுபடி நடுவில் ரத்தம் திரும்பப் பட்டது. ஷட்டரை இறக்குகிற சத்தத்தில் அவரிடம் சொன்னாள்.

“சூடு” என்றார் பொன்ராஜ். “இளநி குடி. ஆடி போகட்டும், பாப்போம்.”

ஆடி போயிற்று. பிறகு, “தீபாவளி போகட்டும்.” தீபாவளி போனபோது தை முகூர்த்தத்துக்குச் சரக்கு எடுக்க ஆரணிக்குப் போகவேண்டியிருந்தது. உள்ளபடி சொன்னால் சீதாவும் எழுந்து போய்விடவில்லை. கல்லாவை யார் கையில் கொடுப்பது? பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சில்லறை எண்ணினாள். வாடை தெரியாமலிருக்கக் கல்லாவில் ஒரு ஊதுவத்தி கூடுதலாக எரிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் சீதாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மாசியில் ஒரு நாள் பாக்கிச் சில்லறை கொடுக்க எழுந்தபோது ஸ்டூல் நனைந்திருந்தது. ஒரு வாடிக்கைக்காரி பார்த்துவிட்டாள். மறுநாளே பொன்ராஜ் சீதாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பக்கத்து லேடி டாக்டர் கர்ப்பப்பை வாயிலிருந்து சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று வந்தது. அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போனது கபாலியின் ஆட்டோவில். கடைக்கு மூட்டை ஏற்றுகிற ஆட்டோ அது. பின்சீட்டில் என்ன பேசினாலும் சாயங்காலத்துக்குள் உஸ்மான் சாலை டீக்கடையில் ஆறிக்கொண்டிருக்கும். இது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அதில்தான் சண்டை போட்டார்கள். வீட்டில் போட்டால் சீதாவுக்குச் சாட்சி இல்லை.

அடையாறில் பார்த்தவர் டாக்டர் ஜமீலுன்னிசா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிற மனுஷி. சீதாவைப் படுக்கவைத்து, கருவி வைத்துப் பார்த்து, அது போதாது என்று முன்வழியிலும் பின்வழியிலும் விரல் விட்டு, பக்கவாட்டில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். சீதா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது. வெளியே வந்து உட்கார்ந்ததும் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“கர்ப்பப்பை வாயிலேயே நின்னிருந்தா ஸ்டேஜ் ஒண்ணு. அதைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குப் போயிருந்தா ரெண்டு. இடுப்பெலும்புச் சுவரைத் தொட்டுட்டாலோ, நெறி கட்டுற முடிச்சுகளுக்குப் போயிட்டாலோ மூணு. மூத்திரப் பை, மலக்குடல், நுரையீரல்னு போயிட்டா நாலு. உங்களுக்குப் பக்கத்துச் சதையில கைக்குத் தட்டுப்படுது. இப்போதைக்கு ரெண்டு பி. ஸ்கேன் பார்த்துட்டுதான் முடிவாச் சொல்லுவேன்.”

சீதா கொஞ்சம் யோசித்தாள். “கீழ் அலமாரியில தண்ணி பூந்த மாதிரி” என்றாள். “நனைஞ்சது ஒரு சேலையா, பக்கத்துல உள்ளதுக்கும் ஊறிட்டுதா, பலகைக்கு ஏறிட்டுதா, அடுத்த அலமாரிக்கே போயிட்டுதான்னு பாக்கிய.”

“அதேதான். பக்கத்துச் சேலைக்கு ஊறியிருக்கு. அதனால ஆபரேஷன் சரிப்படாது. ரேடியேஷன், கூடவே வாரா வாரம் மருந்து.”

பொன்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சேலை வாங்க வந்தவர்கள் அவரிடம் இப்படித்தான் இழுப்பார்கள்.

“டாக்டரம்மா, ரெண்டுன்னு சொல்லுதிய. நாங்க தூரத்துல இருந்து வந்திருக்கோம். ஒரு ஒண்ணரைன்னு போட முடியாதா?”

“தியாகராய நகர்ல இருந்துதானே வந்திருக்கீங்க?”

“டிராபிக்க சேத்தா தூரம்தான்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “நான் போடலாம் சார். உள்ளே இருக்கிறது கேக்காது.”

ஆட்டோ அடையாறு பாலம் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

“எடுத்த எடுப்புல ரெண்டுங்கா. முகத்தப் பாத்தே விலைய ஏத்துத பொம்பள.”

“உங்க முகத்தையா பாத்தா? எங்கன பாத்தான்னு எனக்குல்லா தெரியும்.”

“நாலு எடத்துல விசாரிக்கணும். யாவாரம்னா அப்படித்தான். முத கடையிலயே எவனாவது எடுப்பானா?”

“சேலையா எடுக்கோம்?”

“எதுவானாலும் அப்படித்தான்.”

“அப்ப என்னையும் நாலு எடத்துல விசாரிச்சுத்தான் கட்டினியளோ?”

“விசாரிச்சிருந்தா கட்டியிருப்பேனா?” என்றார் பொன்ராஜ்.

கபாலி கண்ணாடியில் பார்த்தான். “சார், ஓரமா நிறுத்தட்டா? ரெண்டு பேரும் எறங்கி சண்டைய முட்சிக்கினு ஏறுங்க. கடை வரைக்கும் எனக்கு வண்டி ஓட்ற வேல கீது.”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பொன்ராஜ் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். வரிசையாக ஆஸ்பத்திரி ஏறினார். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவர், சீதாவைப் பார்த்துவிட்டு அதே ரெண்டைச் சொன்னார். வெளியே வந்ததும் பொன்ராஜ், “பேசி வச்சுக்கிட்டுச் சொல்லுதானுவ. நம்ம மார்க்கெட்ல பண்டிகைக்கு விலை கட்டுத மாதிரி” என்றார். இன்னொருவர் ஸ்கேன் இல்லாமல் வாய் திறக்கமாட்டேன் என்றார். “சரக்கே இல்லாத கடை” என்று அவரையும் தள்ளினார். ஒவ்வொரு இடத்துக்கும் நாள் வாங்கி, காத்திருந்து, திரும்பி வருவதற்குள் மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறிவிட்டது. சீதாவுக்குக் கால் வரைக்கும் வலி இறங்கியது. கல்லாவில் ஸ்டூலுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவருடைய கரிசனம் அவ்வளவுதான்.

தேனாம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் டாக்டர் கல்யாணராமன் அகப்பட்டார். நல்ல சிவப்பு, வாசனை, மேஜையில் குட்டிப் பிள்ளையார். சீதா படுத்து எழுந்திருப்பதற்குள் பார்த்து முடித்துவிட்டார்.

“ஒண்ணும் பயப்படாதேங்கோ. ஆரம்பக் கட்டம்தான். ஸ்டேஜ் ஒன். இந்த வயசுக்கு மேல கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துட்டாப் போச்சு. சனிக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்கோ.”

பொன்ராஜ் படியிறங்கும்போது இரண்டிரண்டு படியாக இறங்கினார். “பாத்தியா? பாதிக்குப் பாதி கொறஞ்சிட்டு” என்றார். அன்றைக்குக் கடைப் பையன்களுக்கெல்லாம் அல்வா.

சொந்தபந்தம் முழுவதற்கும் போனில் சேதி போயிற்று. ஸ்டேஜ் ஒண்ணு, ஆரம்பம், உடனே கண்டுபிடிச்சாச்சு. ‘உடனே’ என்ற சொல்லை அவர் ஒவ்வொரு போனிலும் அழுத்தியே சொன்னார். பக்கத்து அறையில் படுத்திருந்த சீதா ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

வியாழக்கிழமை அவருடைய தங்கை மதுமதி, மேற்கு மாம்பலத்திலிருந்து உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு உளுந்து, கருப்பட்டி, மேலே குளம் கட்டின நல்லெண்ணெய். தூக்குவாளியை மூடியோடு சீதாவுக்கு முன்னால் வைத்தாள்.

“சாப்பிடுங்க மதினி. வயசுக்கு வந்த காலத்துலயே உளுந்து ஒழுங்காத் தின்னிருந்தா இந்த எழவெல்லாம் வருமா? உங்க அம்மா வீட்டுல என்னத்தக் குடுத்தாங்களோ.”

“எங்க அம்மா வீட்டுல சோறு குடுத்தாங்க. கூடவே வெக்கமும் குடுத்தாங்க.”

மதுமதி காதில் வாங்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். “போன்ல படிச்சேன் மதினி. இது கிருமியாம்லா. பொம்பளைக்குத் தானா வராதாம். படுக்கையில ஒட்டுததாம்.”

“ஆமா.”

“அதான் கேக்கேன். உங்களுக்கு எப்படி ஒட்டிச்சு?”

சீதா களியில் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கினாள். அவசரப்படவில்லை.

“நல்ல ருசி மதுமதி. ஒரு கிண்ணம் உங்க அண்ணனுக்கும் வையி. கேக்க வேண்டியத அங்கன போய்க் கேளு. நான் படுத்தது ஒரு படுக்கையிலதான்.”

மதுமதி தூக்குவாளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். களி பாதிக்கு மேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை சீதா கடைக்குப் போனாள். மறுநாள் ஆபரேஷன், வீட்டில் இரு என்று யாரும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். பொன்ராஜ் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை எடுத்துப் போட்டார். மழைக்காலத்தில் எலி கடித்து, இழை ஓட்டித் தைத்து வைத்த சேலை அது. தையல் உள்மடிப்பில் போய் ஒளிந்துகொள்கிற மாதிரி மடிக்கத் தெரிந்தவர்கள் தியாகராய நகரில் சிலர்தான். பொன்ராஜ் அந்தச் சிலருக்கு ஆசான். முந்தியை விரித்து விசிறினார். கரையைத் திருப்பி, சரிகையை வெளிச்சத்தில் பிடித்தார். அந்த அம்மாள் விலை கேட்டு முகம் சுளித்து வாசல் வரைக்கும் போனாள். “அம்மா, நல்ல காரியத்துக்கு எடுக்கிய. உங்களுக்காகப் பாதி” என்று கூப்பிட்டார். முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். சீதாதான் பணத்தை வாங்கிப் பில் போட்டாள். பை கைமாறி, அந்த அம்மாள் வாசல் கூட்டத்தில் மறைகிற வரைக்கும் சீதா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை. மாற்றுச் சேலை, பிளாஸ்க், பக்கெட், எல்லாம் ஏற்றிக்கொண்டு கபாலியின் ஆட்டோ தேனாம்பேட்டை வந்தது. நர்சிங் ஹோமுக்குத் திரும்ப அவன் கையை நீட்டினான்.

“கபாலி, திரும்பாத. நேரா விடு” என்றாள் சீதா.

“நர்சிங் ஓம் இந்தாண்ட கீதும்மா.”

“தெரியும். அடையாறுக்கு விடு.”

பொன்ராஜ் பக்கெட்டை மடியிலிருந்து இறக்கினார். “ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா? ரூம் போட்டு வச்சிருக்கு. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு.”

“நேத்து அந்தம்மாவுக்கு மயில்கழுத்தப் பாதி விலைக்குக் குடுத்தியள்ளா. எதுக்குக் குடுத்திய?”

“இப்ப அதுக்கு என்ன?”

“சொல்லுங்க. எதுக்குக் குடுத்திய?”

“டேமேஜு. உனக்குத் தெரியாதா?”

“அந்தம்மா ஏன் கொறச்சான்னு கேட்டாளா?”

“பாதி விலைன்னதும் எவ கேப்பா? வாயப் பொளந்துக்கிட்டு எடுத்துட்டுப் போவா.”

“அப்ப நீங்களும் அந்தம்மா மாதிரிதான.”

பின்னால் பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றது. கபாலி நேராக விட்டான்.

“இந்தத் தேனாம்பேட்டை டாக்டரு முந்தியப் பாத்தாரு, கரையப் பாத்தாரு, மடிச்சு வச்சுட்டாரு” என்றாள் சீதா. “உள்ளுக்க பிரிக்கவே இல்ல. அந்த ஜமீலம்மா பிரிச்சா. முன்ன பின்ன விரல விட்டு அமுக்குனா. உயிரு போய் வந்துச்சு எனக்கு. எங்கன வலிச்சுதோ அங்கனதான் சாமான் இருக்கு. இவரு எனக்கு வலிக்கவே விடலியே. வலிக்காம எப்படிப் பாக்க முடியும்?”

“டாக்டருக்குப் படிச்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்.”

“எனக்கு நோவப் பத்தித் தெரியாது. ஓட்டையை மறைச்சு விக்கிறவனத் தெரியும். அவன் கூடத்தான குடும்பம் நடத்துதேன்.”

“அடி வாங்கப் போற.”

“அடிங்க. கபாலி பாக்கட்டும்.”

“என்ன இதுல இஸ்க்காத தாயி” என்றான் கபாலி. “நான் பொண்டாட்டி கையில வாங்கறதே போதும்.”

பொன்ராஜ் வெளியே பார்த்தபடி சொன்னார்: “ஒண்ணுன்னு ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லுதாரு. அது உனக்குப் பிடிக்கல. ரெண்டுதான் வேணும். எதுக்குன்னு எனக்குத் தெரியும். என்ன ஊரு முன்னால கேவலப்படுத்தணும்.”

“இப்ப வந்திய வழிக்கு” என்றாள் சீதா. “உங்களுக்கு எதுக்கு ஒண்ணு வேணும்னு நான் சொல்லட்டா? ஒண்ணுன்னா நேத்து வந்து இன்னைக்குக் கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கிடலாம். ரெண்டுன்னா, ஆடியில சொன்னாளே, அப்ப என்ன செஞ்சேன்னு ஒரு பய கேப்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் என் வயித்தக் கிழிக்கக் கூட்டிட்டுப் போறிய.”

பொன்ராஜ் இறக்கி வைத்த பக்கெட்டை மறுபடியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடையாறு வரைக்கும் அதைப் பிடித்தபடியே வந்தார்.

ஜமீலுன்னிசா, ஸ்கேன் ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அந்த வாரமே எடுக்கவைத்தார். படம் வந்தபோது அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார்.

“இடுப்புக்குள்ள இந்தப் பக்கம் ரெண்டு முடிச்சு பெருசாயிருக்கு. இது கையில அகப்படாது, படத்துல மட்டும்தான் தெரியும். இதனால ஸ்டேஜ் மூணு சி.”

“ரெண்டுன்னு சொன்னியளே” என்றார் பொன்ராஜ். “நாங்க வெளிய போயிட்டு வந்ததும் ஏத்திட்டியளா?”

“நான் ஏத்தலை சார். அன்னைக்கு விரலுக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். இன்னைக்குப் படத்துல தெரியறதைச் சொல்றேன். தேனாம்பேட்டையில ஆபரேஷன் பண்ணியிருந்தா கர்ப்பப்பை போயிருக்கும், பக்கத்துல இருக்கிறது அப்படியே இருந்திருக்கும். அதுக்கப்புறமும் ரேடியேஷன் வேணும். கத்தியும் பட்டு, கரண்டும் வச்சு, உடம்பு தாங்காது.”

“முடிச்சு எப்ப வந்திருக்கும்? நாங்க அலைஞ்ச இந்த ஒரு மாசத்துலயா?”

கேட்டது பொன்ராஜ்தான். கேட்டுவிட்டு டாக்டர் முகத்தைப் பார்க்காமல் பென்சிலைப் பார்த்தார்.

“ஸ்டேஜ் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு சொல்லும். எந்தத் தேதியில போச்சுன்னு சொல்லாது. எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்” என்றாள் சீதா.

வெளியே நர்ஸ் யாருடைய பெயரையோ கூப்பிட்டாள். சீதாதான் கேட்டாள்: “மூணுன்னா பொழைப்பேனா?”

“கேக்கறதால சொல்றேன். இந்த ஸ்டேஜ்ல வைத்தியத்தை நடுவுல விடாம முடிச்சவங்க நூறு பேரை எடுத்தா, அஞ்சு வருஷம் கழிச்சு ஐம்பதுல இருந்து அறுபது பேர் வரைக்கும் இருக்காங்க.”

“எழுபது சொல்லுங்க டாக்டரம்மா” என்றார் பொன்ராஜ்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு கையும் மேஜை மேல் இருந்தன. கடையில் துணியை அளக்கிற கை. “முழுசா முடிக்கோம். ஒரு நாள் விடாமக் கூட்டிட்டு வாரேன். எழுபதுன்னு சொல்லுங்க. அறுபத்தஞ்சாவது சொல்லுங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க கூட்டிட்டு வாங்க சார். நம்பர் உங்ககூட வராது. அந்த நூறு பேரும் வேற யாரோ. ஒவ்வொருத்தருக்கும் கட்டி எவ்வளவு பெருசு, எத்தனை முடிச்சு, ரத்தம் எவ்வளவு இருக்கு, எல்லாம் வேற வேற. இவங்க எந்தப் பக்கம்னு எனக்கு எழுதி வரலை.”

“பாதிக்கு மேல இருக்குல்லா” என்றாள் சீதா. “எடுத்துக்கிடுதேன். எப்ப ஆரம்பிக்கிய?”

பங்குனியில் ஆரம்பித்து அக்கினி நட்சத்திரத்தில் முடிந்தது. வாரத்தில் ஞாயிறும் சனியும் தவிர எல்லா நாளும் ரேடியேஷன். வாரம் ஒரு தடவை நரம்பில் மருந்து. முதலில் இரத்தம் நின்றது. வாடையும் போயிற்று, கல்லாவில் ஊதுவத்தி ஒன்றாகக் குறைந்தது. அதற்குப் பிறகு வயிறு பிடுங்கிக்கொண்டு போயிற்று. மூத்திரம் மிளகாய் அரைத்து விட்ட மாதிரி எரிந்தது. கபாலி ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றையும் முட்டையை ஏற்றிப்போகிற மாதிரி ஏறி இறங்கினான். நடுவில் ரத்தம் குறைந்து பாட்டில் ஏற்றினார்கள். கடைசியில் உள்ளுக்குள்ளேயே குழாய் வைத்துக் கதிர் கொடுத்த நாட்களில், “பிள்ளை பெத்தது லேசு” என்று மட்டும் சொன்னாள்.

பொன்ராஜ் சொன்னபடி ஒரு நாள் விடவில்லை. காத்திருக்கும் இடத்தில் மற்ற புருஷன்மார்களிடம், “உங்க வீட்டுல எத்தன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலு என்று யாராவது சொன்னால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஒண்ணு என்றவரிடம் அப்புறம் பேசமாட்டார். வீட்டில் ரசம் வைக்கப் பழகினார். புளி கரைக்கத் தெரியவில்லை.

“ஏன் இப்படிக் கடுக்கு?” என்பாள் சீதா.

“குடிக்கதுன்னா குடி.”

“உங்க பாசம் மாதிரி இருக்கு.”

குடித்துவிடுவாள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று கபாலி டீக்கடையில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவனே மறுநாள் வந்து வாபஸ் வாங்கிக்கொண்டான்.

ஆனி முடிகிற சமயத்தில் பரிசோதனைக்குப் போனார்கள். ஜமீலுன்னிசா மறுபடியும் அதே மாதிரி அழுத்திப் பார்த்தார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. படத்திலும் முடிச்சுகள் அடங்கியிருந்தன. “நல்லாக் கேட்டிருக்கு” என்றார். “ஆனா விட்டுடாதீங்க. முதல் ரெண்டு வருஷம்தான் திரும்ப வர பயம் அதிகம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்.”

பொன்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்தார். “அப்ப இப்ப ஸ்டேஜ் எத்தன டாக்டரம்மா? ஒண்ணுக்கு எறங்கியிருக்கும்லா?”

“எறங்காது சார். ஸ்டேஜ் ஆரம்பத்துல வச்சது வச்சதுதான். கட்டி கரைஞ்சாலும் குறைக்கமாட்டோம், நாளைக்குத் திரும்பி வந்தாலும் ஏத்தமாட்டோம். என்னைக்கும் இவங்க மூணு சி.”

பொன்ராஜ் எழுந்தார். வாசல் வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தார். டாக்டர் கூப்பிடவில்லை.

அடுத்து வந்தது ஆடி. தள்ளுபடி தொடங்கின முதல் வெள்ளிக்கிழமை. சீதா பிளாஸ்டிக் நாற்காலியில், கல்லாவுக்குப் பின்னால். முடி கொஞ்சம் மெலிந்திருந்தது, வேறு வித்தியாசம் தெரியாது. மதுமதி நாத்தனார் முறைக்குத் தள்ளுபடியில் ஒரு சேலை எடுக்க வந்திருந்தாள். கூடவே அவளுடைய சம்பந்தியம்மாள். போணி இன்னும் ஆகவில்லை. முதல் வாடிக்கை சொந்தக்காரியாக இருக்கக்கூடாது என்று பொன்ராஜ், உள்ளே நுழைந்த ஒரு டீச்சரம்மாவுக்கு அரக்குப் பட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தேறிட்டாங்களே” என்றாள் சம்பந்தியம்மாள், சீதாவைப் பார்த்து.

“ஆரம்பத்துலயே பாத்துட்டோம்லா” என்றார் பொன்ராஜ், முந்தியை விசிறியபடி. “ஸ்டேஜ் ஒண்ணு. உடனே கண்டுபிடிச்சு உடனே…”

“மூணு” என்றாள் சீதா.

பொன்ராஜின் கை முந்தியோடு அந்தரத்தில் நின்றது.

“மூணு சி. போன ஆடியில சொன்னேன். இதே எடந்தான், அப்ப ஸ்டூலு. மாசியில கூட்டிட்டுப் போனாவ, அதுவும் ஒரு வாடிக்கைக்காரி பாத்த பொறவு. பொறவு ஒரு மாசம் விலை விசாரிச்சாவ.” சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள். குரல் ஏறவில்லை. “நாளைக்கு நான் செத்தாலும் மூணு, நூறு வயசு இருந்தாலும் மூணு. டாக்டரம்மா உங்க முன்னாலதான சொன்னா. கொறச்சுச் சொல்லாதிய.”

மதுமதி ஒரு சேலையை எடுத்து ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். சம்பந்தியம்மாள் ஃபேனைப் பார்த்தாள். டீச்சரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியது அரக்குப் பட்டு.

“அண்ணாச்சி, பாதி விலைன்னு சொன்னீங்க. டேமேஜ் ஒண்ணும் இல்லையே?”

இந்தக் கேள்விக்குப் பொன்ராஜிடம் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. அன்றைக்கு அது பாதியில் வந்து நின்றது. கல்லாவைப் பார்த்தார். சீதா சில்லறையிலிருந்து கண்ணெடுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

பொன்ராஜ் முந்தியைக் கீழே போட்டார். ஒரு மடிப்பைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். மூன்றாவது மடிப்பில், இழை ஓட்டின தையல் அரக்கு நிறத்தில் ஒரு தேமல் மாதிரி இருந்தது. அதை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தார்.

டீச்சரம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ‘ஒரே விலை’ போர்டு அவள் தோளில் இடித்து ஆடியது.

“போணி போச்சு” என்றார் பொன்ராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

“போகட்டும்” என்றாள் சீதா. “அடுத்தத எடுத்துப் போடுங்க.”